பங்குகளின் நாட்டில் ஐந்து திங்கள்

அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள லூயிசியானா மாநிலத்தில், லஃபாயெட் நகருக்கு நாங்கள் சென்று சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு சிறு நகைப்புக்கு ஆளானோம். பேரனை நூல் நிலையத்தில் உறுப்பினனாகச் சேர்ப்பதற்குப் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தோம். பெயர், முகவரி ஆகியவற்றுக்குக் கீழே 'பங்கு' எது என்று கேட்டிருந்தது. அமெரிக்க அரசாங்கப் படிவத்திலும் பங்கைக் கேட்கிறார்களே என்று வியந்து, மகள் குடும்பத்தார் திருப்பலிக்குச் செல்லும் கோவிலின் பெயரை அழகாக எழுதிக் கொடுத்தோம். மேசைக்கு அப்பால் இருந்த அம்மையார் படித்துவிட்டுச் சிரித்தார். அவர் கேட்டது கோவிலையன்று, மாவட்டத்தை.

அமெரிக்காவின் மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் 'கவுண்டி' என்று வழங்குவதை லூயிசியானாவில் மட்டும் 'பாரிஷ்', அதாவது பங்கு, என்கிறார்கள். மொத்தம் 64 பங்குகள். பிரெஞ்சுக்காரரும் இஸ்பானியரும் ஆண்ட காலத்துத் திருச்சபைப் பிரிவுகளே பின்னர் அரசாங்கப் பிரிவுகளாயின. நெடுஞ்சாலையில் செல்லும்போது 'புனித மரியாள் பங்கு', 'விண்ணேற்பு அன்னை பங்கு', 'சந்தியாகப்பர் பங்கு', 'ஸ்நாபக அருளப்பர் பங்கு' என்று வரிசையாகப் பெயர்ப் பலகைகள் வருகின்றன. ஏதோ நம் மறைமாவட்டத்துக்குள்ளேயே பயணம் செய்வதுபோல் இருக்கும். ஆனால் அந்தப் பங்குக்குத் தலைவர் குருவானவர் அல்லர். காவல் அதிகாரியும் வரி அலுவலரும்தான்!

2024ஆம் ஆண்டு ஜூன் முதல் நவம்பர் வரை அங்குத் தங்கியிருந்தோம். எங்கள் மகள் ஒரு மருத்துவமனையில் செவிலி, மருமகன் பொறியாளர். "அப்பா, அம்மா, இனி நீங்கள் ஊரில் தனியாக இருக்க வேண்டாம், இங்கேயே வந்துவிடுங்கள்" என்பது அவர்கள் வேண்டுகோள். வந்துவிடுவதா, வேண்டாமா என்று பார்ப்பதற்காகவே சென்றோம் என்பதால், சுற்றுலா செல்வோரைவிடச் சற்று உற்றுத்தான் நோக்கினோம்.

பரப்பில் அம்மாநிலம் ஏறக்குறைய நம் தமிழ்நாட்டளவு. மக்கள் தொகையோ சுமார் 46 லட்சம்தான். 1803இல் நெப்போலியனிடமிருந்து அமெரிக்கா ஒன்றரைக் கோடி டாலருக்கு விலைக்கு வாங்கிய பெருநிலத்தின் தென்முனை இது. 1812இல் தனி மாநிலமாயிற்று. தென் அமெரிக்க ஐக்கிய மாநிலங்கள் என்றாலே பாப்டிஸ்து சபையினரின் நாடு என்பர். லூயிசியானாவின் வடபாகமும் அப்படியே. தென்பாகம் மட்டும் நெடுங்காலமாகக் கத்தோலிக்க நாடு. அதற்குக் காரணம் ஒரு துயரக் கதை. இன்று கனடாவிலுள்ள நோவா ஸ்கோஷியா பகுதியில் வாழ்ந்த 'அக்காடியர்' எனும் பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குடியானவர்களை 1755இல் ஆங்கிலேயர் வீடு நிலங்களைப் பறித்துக்கொண்டு கப்பலேற்றித் துரத்தினர். பல ஆண்டுகள் அலைந்து, அவர்களுள் பலர் இந்தச் சதுப்பு நிலத்தில் வந்து ஒதுங்கினர். அக்காடியர் என்ற சொல்லே நாளடைவில் 'கேஜன்' என்று மருவிற்று.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு கேஜன். வயது 80ஐத் தாண்டியவர், மனைவியை இழந்தவர், பிள்ளைகள் டெக்ஸஸ் மாநிலத்தில். நாங்கள் சென்ற மறுநாளே ஒரு பாத்திரத்தை ஏந்திக்கொண்டு வாசலில் நின்றார். 'கம்போ' என்னும் குழம்பு அது. சோற்றில் ஊற்றிப் பிசைந்து வாயில் வைத்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்: வெண்டைக்காய்! 'கம்போ' என்பதே வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்ததாம். அடிமைகளாகக் கொணரப்பட்ட மக்களின் காயும், பிரெஞ்சுக்காரரின் சமையற் பக்குவமும், சதுப்பு நில இறாலும் ஒரே சட்டியில் வெந்த உணவு. அமெரிக்கா சென்ற நம் முதியோர் பலர் உணவால்தான் வாடுவர். லூயிசியானாவில் அந்தக் குறையில்லை. அரிசி அங்கேயே விளைகிறது. நெல் அறுத்த வயலிலேயே நீரை நிறுத்தி, இறாலுக்கும் நண்டுக்கும் இடைப்பட்ட 'கிராஃபிஷ்' என்ற நன்னீர் உயிரை வளர்க்கிறார்கள். அது மிகுதியாகக் கிடைக்கும் பருவமும் தவக்காலமும் ஒன்றாகவே வருவதால், வெள்ளிக்கிழமை ஒறுத்தல் என்பது அங்குப் பெருந்தீனியாகவே முடிகிறது என்று பெரியவர் கண்ணடித்துச் சொன்னார். முதலைக்கறியை அந்நாளில் உண்ணலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, முதலை மீன் இனத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. உண்ணலாம் என்று நியூ ஆர்லியன்ஸ் பேராயர் அய்மண்ட் 2010இல் எழுத்து மூலமாகவே விடையளித்தார்.

ஜூலை, ஆகஸ்டு மாதங்களின் வெயிலை நமக்கு விளக்க வேண்டியதில்லை. வெப்பம் நம் ஊரைவிட மிகுதியன்று; ஆனால் காற்றிலுள்ள ஈரம், நனைந்த கம்பளியைப் போர்த்தியது போன்றது. கொசுவோ நம்மூர்க் கொசுவுக்கு அண்ணன். ஓக் மரங்களில் நரைத்த தாடிபோல் தொங்கும் பாசிக் கொடிகளின் கீழே மாலையில் அமர்ந்திருப்பது பேரின்பம்; கால்மணி நேரத்துக்கு மேல் அமர முடிந்ததில்லை.

அங்கு வாழ்வதா என்ற கேள்விக்கு உண்மையான விடையைத் தருவது புயல்தான். ஜூன் முதல் நாளிலிருந்து நவம்பர் 30 வரை புயற்காலம். அந்த ஆறு மாதமும் தென் லூயிசியானாவின் கோவில்களில், 'விரைந்துதவும் அன்னையே, எங்களுக்கு உதவ விரைந்து வாரும்' என்ற மன்றாட்டு எழுவதைக் கேட்டோம். 1727இல் நியூ ஆர்லியன்ஸுக்கு வந்த உர்சுலைன் கன்னியரின் மடத்தில் வேரூன்றிய பக்தி அது. முதல் சில வாரங்கள் அதை வழக்கமான விசுவாசிகள் மன்றாட்டாகவே எண்ணி, அரைக் கவனத்தோடு பதில் சொன்னோம்.

செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் 'ஃபிரான்சீன்' என்று பெயரிட்ட புயல் வளைகுடாவில் உருவாகி எங்கள் பக்கமாகத் திரும்பிற்று. மகள் மருத்துவமனையிலேயே தங்கிப் பணிபுரிய வேண்டுமென்று ஆணை வந்தது. போகுமுன் குளியல் தொட்டி நிறைய நீர் பிடித்து வைத்தாள். குடிக்க அன்று, மின்சாரமும் குழாய் நீரும் நின்றால் கழிப்பறைக்கு. கடவுச்சீட்டு, ஞானஸ்நானச் சான்று, மருந்துச் சீட்டு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் வாசலருகே. மருமகன் காருக்கு எண்ணெய் நிரப்ப இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றார். பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து, எங்கள் வீட்டின்மேல் சாய்ந்திருந்த கிளையைத் தம் இயந்திர வாளால் அறுத்துத் தள்ளிவிட்டு, ஒரு கோடரியையும் கொடுத்துச் சென்றார். எதற்கென்று கேட்டோம். "வெள்ளம் வந்தால் மேல்மாடத்துக்கு ஏறுவீர்கள். நீர் அங்கும் வந்தால் கூரையை உடைக்க வேண்டாமா?" என்றார், உப்பு இருக்கிறதா என்று கேட்பவர்போல.

2005 ஆகஸ்டு 29 அன்று கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸின் வெள்ளத்தடுப்புக் கரைகள் உடைந்து, நகரின் ஐந்தில் நான்கு பங்கு மூழ்கியபோது, மேல்மாடத்தில் ஏறி வெளிவர வழியின்றி மாண்டவர் உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பேரிடர் அது. கோடரி வைத்துக்கொள்ளும் பழக்கம் வீண் அச்சத்தால் வந்ததன்று.

செப்டம்பர் 11 புதன் மாலை அந்தப் புயல் எங்களுக்குக் கிழக்கே கரையேறிற்று. எங்களுக்கு மழையும் காற்றும் மட்டுமே. கிழக்குப் பங்குகளில் லட்சக்கணக்கான இல்லங்கள் இருளில் மூழ்கின. அன்றிரவு பேரனை நடுவில் படுக்க வைத்துச் செபமாலை சொன்னோம். தப்பினோம் என்று மகிழ்ந்த மனம், நம்மை விட்டு விலகிய காற்று வேறொருவர் கூரையைத்தான் தேடிப் போயிற்று என்பதை நினைத்தபோது வெட்கியது. அதன்பின் அந்த மன்றாட்டுக்கு அரைக் கவனத்தோடு பதில் சொல்லவில்லை.

மகளும் மருமகனும் அப்போது வீடு வாங்கும் யோசனையில் இருந்தனர். கலிஃபோர்னியாவில் ஒரு சிறு குடியிருப்புக்குக் கொடுக்கும் பணத்துக்கு இங்கே தோட்டத்தோடு பெரிய வீடே கிடைக்கும். சொந்த வீட்டில் குடியிருப்போருக்கு, வீட்டு மதிப்பில் முதல் 75,000 டாலருக்குப் பங்குச் சொத்துவரியும் இல்லை. கேட்க இனிமையாகத்தான் இருந்தது. காப்புறுதித் தொகையை விசாரித்தபோது இனிமை வற்றிவிட்டது. 2020, 2021 ஆண்டுகளின் பெரும்புயல்களுக்குப் பின் பத்துக்கும் மேற்பட்ட காப்புறுதி நிறுவனங்கள் நொடித்துப் போயின. வேறு பல மாநிலத்தை விட்டே வெளியேறின. எஞ்சியவை கட்டணத்தை உயர்த்தின. மருமகனின் ஏறத்தாழ இரண்டு மாத ஊதியம் ஆண்டுதோறும் அதற்கே போகும். அதிலும் வெள்ளச் சேதம் அடங்காது. அதற்குத் தனிக் காப்புறுதி எடுக்க வேண்டும். 2016 ஆகஸ்டில் பெயரே சூட்டப்படாத ஒரு மழை, சில நாட்களில் 20 அங்குலத்துக்கு மேல் கொட்டி, வெள்ளமே வராது என்று வரைபடம் சொன்ன தெருக்களையும் முழுக்கியது. வெள்ளக் காப்புறுதி இல்லாத குடும்பங்கள் அன்று கலங்கி நின்றன.

கடற்கரை நிலமோ கரைந்துகொண்டே இருக்கிறது. 1930களுக்குப் பின் ஏறக்குறைய 2,000 சதுரமைல் கடலுக்குள் போய்விட்டது. மிசிசிப்பி ஆற்றைக் கரைகட்டி அடக்கியதால் வண்டல் வந்து சேராமற் போனதும், எண்ணெய்க்காக வெட்டிய கால்வாய்களும் முக்கியக் காரணங்கள். ஜான் சார்ல்ஸ் தீவு என்ற ஊரின் பூர்வகுடி மக்கள், நிலத்தின் பெரும்பகுதி கரைந்ததால், 2022 முதல் உள்நாட்டில் அரசு அமைத்த புதிய குடியிருப்புக்கு மாறினர். தனுஷ்கோடியை நினைத்துக்கொண்டோம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்வோம். கார் ஓட்டத் தெரியாதவர் அங்கே கைதிக்குச் சமம். கடைக்கோ கோவிலுக்கோ நடந்து போக நடைபாதை இல்லை. 2024 ஜூலை முதல், அனுமதிச் சீட்டு இன்றியே பெரியவர்கள் கைத்துப்பாக்கியை மறைத்து வைத்திருக்கலாம் என்பது சட்டம். பாட்டன் ரூஜுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடையே ஆற்றோரம் நூற்றுக்கும் மேற்பட்ட இரசாயன ஆலைகள். அவற்றின் புகையில் வாழ்வோர் பெரும்பாலும் ஏழைக் கறுப்பினத்தவர். வறுமையிலும், சிறையிலிருப்போர் விகிதத்திலும் நாட்டின் முன்வரிசையில் நிற்கும் மாநிலம் இது. எங்களைப் போல் வயதான பின் குடியேறுவோருக்கு, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பு ஐந்தாண்டு தொடர்ந்து வாழ்ந்த பிறகே கிட்டும்; அதற்கும் மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும். ஐந்தாண்டு என்பது எங்கள் வயதில் சிறிய சொல்லன்று.

அடிமைமுறையின் தழும்பு கோவிலுக்குள்ளும் இருந்தது. கறுப்பினத்தார் பின்வரிசையில்தான் அமர வேண்டும் என்ற வழக்கத்தைப் பேராயர் ரம்மல் 1953இல் சுற்றுமடல் எழுதி ஒழித்தார். 1955இல் ஜெசூட் பெண்ட் என்ற சிற்றூரில் கறுப்பினக் குரு ஒருவரைத் திருப்பலி நிறைவேற்ற விடாமல் தடுத்தபோது, அக்கோவிலையே மூடிவைத்தார். 1962இல் கத்தோலிக்கப் பள்ளிகளை எல்லா இனத்தாருக்கும் திறந்து, எதிர்த்துக் கிளர்ச்சி செய்த மூவரைத் திருச்சபையினின்று விலக்கினார். கோவிலில் இடம் பிரிப்பது நமக்குக் கேள்விப்படாத செய்தியன்று. ஆகவே இதைச் சற்று நீட்டியே எழுதுகிறோம். அதே மண்ணில்தான் ஹென்றியெட் டெலீல் என்ற கலப்பினப் பெண்மணி 1842இல் திருக்குடும்பச் சகோதரியர் சபையைத் தொடங்கி, அடிமைகளுக்கும் மறைக்கல்வி புகட்டினார். 2010இல் அவர் வணக்கத்துக்குரியவர் என அறிவிக்கப்பட்டார். 2025இல் திருத்தந்தையான பதினான்காம் லியோவின் தாய்வழிப் பாட்டனும் பாட்டியும் நியூ ஆர்லியன்ஸின் இத்தகைய கலப்பினக் குடும்பத்தாரே என்ற செய்தி வந்தபோது, மகள் தொலைபேசியில் மகிழ்ந்து கூவினாள்.

இன்னொன்று எங்களை உறுத்தியது. பக்கத்து வீட்டுப் பெரியவர் பள்ளிக்குப் போகும்வரை பிரெஞ்சு தவிர வேறு மொழி அறியாதவர். பள்ளியில் ஆங்கிலமே பயிற்று மொழி என்று 1921இல் மாநில அரசியல் சட்டம் விதித்திருந்தது. பிரெஞ்சில் பேசியதற்காக, 'இனிப் பேசமாட்டேன்' என்று நூறு முறை எழுத வைத்தார்களாம். தாம் பட்ட வெட்கம் பிள்ளைகளுக்கு வேண்டாமென்று அவர் அவர்களுக்குப் பிரெஞ்சு கற்பிக்கவே இல்லை. 1968இல் அரசே மொழியைக் காக்க ஒரு மன்றம் அமைத்தது. அவர் வீட்டைப் பொறுத்தவரை அது காலங்கடந்த உதவி. "என் மனைவி போன பிறகு, கனவில்தான் பிரெஞ்சு பேசுகிறேன்" என்றார். எங்கள் பேரன் அருகில் நின்றுகொண்டு, "தாத்தா, என்ன சொல்கிறார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். அன்று முதல் நாள்தோறும் மாலையில் அவனுக்கு உயிரெழுத்து கற்பிக்கத் தொடங்கினோம். புறப்படும்போது 'ஞ' வரை வந்திருந்தான்.

சகல புனிதர் திருநாளுக்கு முன்னாள் பெரியவர் எங்களையும் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார். நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் நாடு என்பதால், தரைக்கு மேலே கட்டப்பட்ட கல்லறைகள் அங்கு மிகுதி. குடும்பம் குடும்பமாக வந்து கழுவி, வெள்ளையடித்து, பூவைத்து அலங்கரித்தார்கள். அவரும் மனைவியின் கல்லறைக்கு வெள்ளையடித்தார். கை நடுங்கியதால் கீழ்ப்பகுதியை நாங்கள் அடித்தோம். பக்கத்தில் தமக்கென்று கட்டி வைத்திருந்த வெற்றுக் கல்லறைக்கும் ஒருமுறை தூரிகையை ஓட்டிவிட்டு, "என் பிள்ளைகள் ஹியூஸ்டனிலிருந்து வருவார்களோ என்னவோ" என்றார். எங்கள் பெற்றோரின் கல்லறைக்கு அவ்வாண்டு யார் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள் என்று எங்களுக்குள் எழுந்த கேள்வியை நாங்கள் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை.

ஊர் திரும்பினோம். வீடு ஒன்றைப் பார்த்து முடித்துவிட்டதாகவும், கிழக்குப் பார்த்த அறை எங்களுக்கென்றும் மகள் சென்ற வாரம் சொன்னாள். தரைமட்டம் சாலையிலிருந்து எத்தனை அடி உயரம் என்று கேட்டிருக்கிறோம். அளந்து சொல்வதாக மருமகன் கூறியிருக்கிறார்.