மத்தியானச் சாம்பிராணி

மேல்வீட்டிலிருந்து சாம்பிராணி வாசனை இறங்கி வருகிறது, தணலில் தூவியதல்ல, கடையில் விற்கும் கப் சாம்பிராணி, பாதி சென்ட் வாடை, இருந்தாலும் புதுக்கோட்டைப் பக்கத்து ஓட்டு வீட்டுக்கு என்னைக் கொண்டுபோய் விட அது போதும்.

அங்கே வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும்தான் புகை போடுவார்கள், அப்பத்தா ஈரத்தலையை விரித்து அதில் காட்டி, முற்றத்து வெயில் தூணில் ஏறும் நேரத்தில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி, புகையிலையை இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்காருவாள். அந்தக் கன்னத்தில்தான் 1996-இல் புண் வந்தது, பெரிய ஆஸ்பத்திரியில், "இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, ஆசைப்பட்டதை வாங்கிக் குடுங்க" என்றார்கள், வாயே திறக்க முடியாதவளுக்கு. 1985-ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து மார்ஃபினைத் தொடாத காலம் அது, வலிக்குப் பாராசிட்டமால், வாடைக்கு மூன்று வேளையும் சாம்பிராணி. தணலோடு அம்மா வரும்போதெல்லாம் அப்பத்தா முந்தானையால் வாயை மூடிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள், புகை ஒத்துக்கொள்ளவில்லை என்றே நினைத்தோம். பிறகு கட்டிலைக் கொல்லைத் தாழ்வாரத்தில் போடச் சொன்னாள், போட்டோம், நிலைப்படியில் நின்றே பேசிவிட்டு வந்தோம்.

பல வருடம் கழித்துக் கோழிக்கோட்டில் ஒரு நர்ஸோடு, மழை ஈரமும் தேங்காயெண்ணெயும் மணக்கும் வீடொன்றுக்குப் போனேன், அங்கிருந்த பெரியவருக்கும் கன்னத்தில்தான். போட்டிருந்த நாற்காலியை விட்டுவிட்டுக் கட்டிலிலேயே உட்கார்ந்து, புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினார் நர்ஸ், சில நாளில் வாடை அடங்கும் என்றார், வயிற்றுப்போக்குக்கென்று எங்கள் வீட்டு அலமாரியில் எப்போதும் கிடந்த அதே மாத்திரை. நாலு மணிக்கொரு தரம் மார்ஃபின் கொடுக்க மருமகள் பழகியிருந்தாள், பெரியவர் மலச்சிக்கலைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டிருந்தார், ராத்திரி தூங்கியவருக்குத்தான் அந்தக் குறையெல்லாம் பெரிதாகத் தெரியும். அந்த ஊர் மருத்துவக் கல்லூரியில் 1993-இலேயே இந்த வேலை தொடங்கியாகிவிட்டது, அப்பத்தா சுவரைப் பார்த்துக் கிடந்ததற்கு மூன்று வருடம் முன்னால்.

இன்று செவ்வாய்க்கிழமை, மணி இரண்டு, பூஜைக்கு யாரும் புகை போடுகிற நேரமல்ல. மேல்வீட்டாரின் பெயர்கூட எனக்குத் தெரியாது, லிஃப்டில் எதிர்ப்பட்டால் இருவரும் செல்போனைப் பார்த்துக்கொள்வோம். படியேறிப் போய் மணியை அடித்தேன், ஒரு சாண் திறந்த கதவிடுக்கில் நின்ற பெண்ணிடம், "யாருக்கும்மா உடம்பு முடியல?" என்றேன்.

"மாமாவுக்குங்க," என்று கதவைத் திறந்து, நாற்காலியைத் துடைத்து, ஜன்னலோரமாகத் தள்ளிப் போட்டாள். நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.