எண்ணிக்கை குறையாத மாத்திரை அட்டை

2020 ஏப்ரல். ஊரடங்கில் மதுரையே அடங்கிக் கிடந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு வாட்ஸ்அப்தான் பொழுதுபோக்கு. சில வருடங்களுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். தினமும் ஆஸ்பிரின், அடோர்வாஸ்டாடின், பிரஷருக்கு டெல்மிசார்டன். 'இந்த பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களைத்தான் கொரோனா தாக்கும்' என்று ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் குழுவில் ஒரு செய்தி வந்தது. யாரிடமும் சொல்லாமல் டெல்மிசார்டனை மட்டும் நிறுத்திவிட்டார்.

அந்த வதந்தி வெறும் புளுகு இல்லை, அதுதான் சங்கடம். கொரோனா வைரஸ் நம் செல்லுக்குள் நுழைய ஏசிஇ2 என்ற புரதத்தைக் கதவாகப் பயன்படுத்துகிறது. டெல்மிசார்டன், ராமிப்ரில் போன்ற மருந்துகள் அந்தக் கதவுகளை அதிகமாக்கலாம் என்று சில விலங்கு ஆய்வுகள் சொல்லியிருந்தன. மனிதர்களுக்கு அதனால் நோய் முற்றியதாக ஆதாரம் இல்லை. மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய இதயவியல் சங்கம் மார்ச் 13-ம் தேதியே அறிக்கை விட்டது. அது எந்த வாட்ஸ்அப் குழுவுக்கும் வரவில்லை போலும்.

பத்து நாளில் அவருக்குத் தலை கனத்தது. மனைவி மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தார்.

"ஏங்க, இந்த அட்டையில ஒண்ணுகூட குறையலையே?"

பக்கத்து வீட்டு மெஷினில் பிரஷர் 190/110. டாக்டர் போனிலேயே சத்தம் போட்டார்: "சார், கொரோனா வருதோ இல்லையோ, இப்படியே விட்டா ஸ்ட்ரோக் வந்துடும்!" அன்றே மாத்திரை மறுபடி தொடங்கியது.

செப்டம்பர் கடைசியில் கொரோனா வந்தேவிட்டது. மருத்துவமனையில் ஆக்சிஜன், தினம் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், ரத்தம் கட்டிவிடாமல் இருக்க வயிற்றில் ஹெப்பாரின் ஊசி. இந்த நோய் நுரையீரலோடு நிற்பதில்லை. இதயத் தசையையும் தாக்கும். அவருக்கு அதைக் காட்டும் டிரோபோனின் அளவு சற்றே கூடியிருந்தது. ஸ்டென்ட்டுக்கான ஆஸ்பிரின் தொடர்ந்தது. செவிலியர் டெல்மிசார்டனை நீட்டியதும் தயங்கினார்.

டியூட்டியில் இருந்த இளம் டாக்டர் உட்கார்ந்து விளக்கினார். பிரேசிலில் கொரோனாவோடு சேர்ந்த 659 பேரில் ஒரு பாதிக்கு இந்த வகை மாத்திரையை 30 நாள் நிறுத்தினார்கள். மறு பாதிக்குத் தொடர்ந்தார்கள். உயிரோடு, மருத்துவமனைக்கு வெளியே கழிந்த நாட்கள் நிறுத்தியவர்களுக்குச் சராசரி 21.9, தொடர்ந்தவர்களுக்கு 22.9. நிறுத்தியதில் லாபமே இல்லை.

"பிரஷர் ரொம்ப இறங்கினாலோ, கிட்னி தடுமாறினாலோ நாங்களே நிறுத்துவோம் ஐயா. உங்களுக்கு ரெண்டும் இல்ல."

விழுங்கினார்.

வீடு திரும்பியதும் முதல் வேலையாக நடந்ததையெல்லாம் அந்தக் குழுவில் எழுதினார், ஒற்றுப்பிழை பார்த்து. பலர் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். ஒருவர் மட்டும் தனியாகக் கேட்டார்: "ஐயா, நானும் ஏப்ரல்லேயே நிறுத்திட்டேன். நாளைக்கு ஆரம்பிக்கட்டுமா?"

"முதல்ல இன்னைக்கு பிரஷர் பாருங்க" என்று எழுதி, தன் டாக்டரின் நம்பரையும் அனுப்பினார்.