பிரிந்து போக ஒரு மாநிலத்துக்கு உரிமை உண்டா?

1995-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி இரவு. கனடா முழுக்க டி.வி. பெட்டிகளின் முன்னால் உட்கார்ந்திருந்தது. கிரிக்கெட் மேட்ச்சின் கடைசி ஓவர் போல ஒரு பரபரப்பு. ஆனால் திரையில் ஓடிக்கொண்டிருந்தது மேட்ச் அல்ல, ஒரு நாட்டின் தலையெழுத்து! கனடாவை விட்டுப் பிரிய வேண்டுமா, வேண்டாமா என்று பிரெஞ்சு பேசும் மக்கள் பெரும்பான்மையாக வாழும் கியூபெக் மாநிலத்தில் அன்று பொது வாக்கெடுப்பு. ஓட்டுரிமை உள்ளவர்களில் 93 சதவீதத்துக்கும் மேல் வந்து ஓட்டுப் போட்டிருந்தார்கள். ஆரம்பத்தில் 'வேண்டும்' முன்னால் ஓடியது. மாண்ட்ரியல் நகரத்து ஓட்டுகள் எண்ணப்பட்டதும் நிலைமை மாறியது.

கடைசியில் வந்த கணக்கு இது. பிரிய வேண்டாம்: 50.58 சதவீதம். பிரிய வேண்டும்: 49.42 சதவீதம். வித்தியாசம் வெறும் 54,288 ஓட்டுகள். அதில் பாதிப்பேர், அதாவது சுமார் 27 ஆயிரம் பேர், மனசு மாறிக் குத்தியிருந்தால் முடிவு தலைகீழ். ஒரு சின்ன டவுனின் ஜனத்தொகை அது.

சரி, அப்படி மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மறுநாள் காலையில் கியூபெக் தனி நாடாகி இருக்குமா? "நாங்கள் போகிறோம்" என்று ஒரு மாநிலம் சொன்னால் போய்விட முடியுமா? அப்படி ஒரு உரிமை இருக்கிறதா?

இந்தக் கேள்வியைக் கேட்டதுமே பெரும்பாலானவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி, "பிடிக்காத கல்யாணத்தில் யாரையும் கட்டி வைக்க முடியாது, விவாகரத்து மாதிரிதான் இதுவும்" என்று சொல்லும். இன்னொரு கட்சி, "கை உடம்பை விட்டுப் பிரிய உரிமை கேட்குமா?" என்று திருப்பிக் கேட்கும். கேட்க இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டு உவமையும் ஒரு விஷயத்தை மறைக்கின்றன. மனைவி என்பது ஒரு ஆள். கை என்பது ஒரு உறுப்பு. மாநிலம் அப்படி இல்லை. அதற்குள்ளே லட்சக்கணக்கான பேர் இருக்கிறார்கள், லட்சம் விதமாக யோசிக்கிறார்கள். "மாநிலம் போக விரும்புகிறது" என்று சொல்லும்போது உண்மையில் விரும்புவது யார்?

இதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு.

1860 டிசம்பர் 20-ந் தேதி அமெரிக்காவின் தெற்குக் கரோலினா மாநிலம், "இனி எங்களுக்கும் ஐக்கிய நாடுகளுக்கும் சம்பந்தம் இல்லை" என்று அறிவித்தது. அடுத்த ஆண்டுக்குள் இன்னும் 10 மாநிலங்கள் அதன் பின்னால் போயின. அவர்களுடைய வாதம் எளிமையானது. மாநிலங்கள் விருப்பப்பட்டுச் சேர்ந்தன, விருப்பம் போனால் விலகலாம் என்பதுதான் அது. காகிதத்தில் படித்தால் ஜனநாயகம் போலவே இருக்கும்.

ஆனால் அதே 1860-ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். தெற்குக் கரோலினாவின் மொத்த ஜனத்தொகை 7,03,708. அதில் அடிமைகள் 4,02,406 பேர். பாதிக்கும் மேல்! அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் மாட்டார்கள். ஏனென்றால் அவர்களை அடிமையாகவே வைத்திருக்கத்தான் அந்தப் பிரிவினையே. மாநிலத்தின் சுதந்திரம் என்ற பெயரில் மாநில மக்களில் பெரும்பான்மையினரின் விலங்கைக் காப்பாற்றப் பார்த்தார்கள்.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. பிரிந்து போன மாநிலங்களில் வர்ஜீனியாவும் ஒன்று. அதன் மேற்குப் பகுதி மலைநாட்டு மாவட்டங்களுக்கு இதில் இஷ்டம் இல்லை. "நீங்கள் நாட்டை விட்டுப் பிரியலாம் என்றால் நாங்கள் உங்களை விட்டுப் பிரியக் கூடாதா?" என்பதுதான் அவர்கள் நிலை. 1863-ல் அந்தப் பகுதி மேற்கு வர்ஜீனியா என்ற தனி மாநிலமாக அமெரிக்காவோடு சேர்ந்துகொண்டது. பிரிவினை என்ற கத்திக்கு இரண்டு பக்கமும் கூர்மை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்த பிறகு 1865-ல் போர் முடிந்தது. சட்டக் கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. அதற்கு 1869-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. வழக்கு என்னவோ கடன் பத்திரம் பற்றியதுதான். போர்க்காலத்தில் விற்கப்பட்ட பத்திரங்களைத் திரும்பக் கேட்டு டெக்சாஸ் மாநிலம் போட்ட வழக்கு அது. "டெக்சாஸ்தான் நாட்டை விட்டுப் போய்விட்டதே, பிறகு எப்படி மாநிலம் என்று வழக்குப் போட முடியும்?" என்று எதிர்த்தரப்பு கேட்டது. டெக்சாஸ் ஒரு நாளும் வெளியே போகவே இல்லை, போனதாகச் செய்த அறிவிப்பு செல்லாது என்று தலைமை நீதிபதி சால்மன் சேஸ் தீர்ப்பளித்தார். புரட்சியின் மூலமாகவோ, மற்ற மாநிலங்களின் சம்மதத்தோடோ தவிரப் பிரிய வழியில்லை என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

'புரட்சி' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். ஜெயித்தால் நாடு, தோற்றால் தேசத்துரோகம் என்று அர்த்தம். இது சட்டம் சொல்லும் பதிலா, துப்பாக்கி சொல்லும் பதிலா?

கனடா இதைவிட நல்ல பதில் ஒன்றைத் தேடியது. அதனால்தான் கியூபெக் கதை முக்கியமானது.

கியூபெக் மக்களின் குறை கற்பனையானது அல்ல. ஆங்கிலம் பேசும் வட அமெரிக்கக் கடலுக்கு நடுவே பிரெஞ்சு பேசும் ஒரு தீவு அது. சொந்த ஊரில் வேலையில் மேலே வர வேண்டும் என்றாலும் ஆங்கிலம் தெரிந்தாக வேண்டும் என்ற நிலை நீண்ட காலம் இருந்தது. 1976-ல் ஆட்சிக்கு வந்த ரெனே லெவெக்கின் கட்சி, அடுத்த ஆண்டே பிரெஞ்சு மொழிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1980-ல் நடந்த முதல் வாக்கெடுப்பில் பிரிவினை சுமார் 60-க்கு 40 என்று தோற்றது. 1982-ல் கனடாவின் புதிய அரசியல் சட்ட ஏற்பாடு கியூபெக் அரசின் சம்மதம் இல்லாமலேயே நடைமுறைக்கு வந்தது. சமாதானம் செய்ய எடுத்த இரண்டு முயற்சிகளும் 1990-லும் 1992-லும் தோற்றுப் போயின. அந்தக் கசப்பில் பிறந்ததுதான் 1995 வாக்கெடுப்பு.

ஆனால் அங்கேயும் அதே பழைய கேள்வி எழுந்தது. 'மக்கள்' என்றால் யார்?

கியூபெக்கின் வடக்கில் க்ரீ என்ற பழங்குடியினர் வாழ்கிறார்கள். அவர்களுடைய நிலம் 1898-லும் 1912-லும் கியூபெக்கோடு சேர்க்கப்பட்டது. அப்போது அவர்களை யாரும் கேட்கவில்லை. 1995-ல் அவர்கள் பொது வாக்கெடுப்புக்கு ஆறு நாள் முன்னதாகத் தாங்களே தனியாக ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். 96 சதவீதம் பேர் தங்கள் சம்மதம் இல்லாமல் கனடாவிலிருந்து தங்களைப் பிரிக்கக் கூடாது என்றார்கள். கியூபெக் தலைவர்களின் பதிலோ, கியூபெக்கின் எல்லையைத் தொடக்கூடாது என்பதாக இருந்தது. கனடாவைப் பிரிக்கலாம், கியூபெக்கைப் பிரிக்கக்கூடாது! இது என்ன நியாயம் என்று க்ரீ மக்கள் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான்.

தோற்ற அன்று இரவு முதல்வர் ஜாக் பரிசோ பேசிய பேச்சு இன்னும் மோசம். பணமும் சில இனத்தாரின் ஓட்டுகளும்தான் தங்களைத் தோற்கடித்தன என்றார். பல நாடுகளிலிருந்து வந்து மாண்ட்ரியலில் குடியேறியிருந்தவர்கள், அவர்களில் ஈழத்துப் போரிலிருந்து தப்பி வந்த தமிழர்களும் உண்டு, அந்த ஒரு வாக்கியத்தில் 'நாம்' என்ற வட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டார்கள். புது நாடு பிறந்திருந்தால் அதில் தங்கள் இடம் என்ன என்று அவர்கள் யோசித்திருப்பார்கள் இல்லையா? மறுநாள் பரிசோ பதவி விலகுவதாக அறிவித்தார்.

இத்தனைக்கும் பிறகு கனடா அரசு தன் உச்ச நீதிமன்றத்திடம் நேரடியாகவே கேட்டது. 1998 ஆகஸ்ட் 20-ந் தேதி ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகப் பதில் சொன்னார்கள். பதிலில் இரண்டு பாதி உண்டு.

முதல் பாதி: தன்னிச்சையாகப் பிரிந்து போகும் உரிமை கியூபெக்குக்கு இல்லை. கனடா சட்டத்திலும் இல்லை, சர்வதேசச் சட்டத்திலும் இல்லை. சுயநிர்ணய உரிமையைக் காட்டிப் பிரிவது காலனி நாடுகளுக்கும், அந்நியப் பிடியில் நசுக்கப்படும் மக்களுக்கும் உரியது. கியூபெக் மக்கள் அப்படி இல்லை. அன்றைக்குக் கனடாவின் பிரதமராக இருந்த ஜான் கிரெட்டியனே கியூபெக்காரர்தான்!

இரண்டாம் பாதி: தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை 'பிரிய வேண்டும்' என்று சொன்னால், மற்ற கனடா காதை மூடிக்கொண்டு இருக்க முடியாது. உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும். கடன், எல்லை, சிறுபான்மையினர், பழங்குடியினர் உரிமை எல்லாவற்றையும் மேஜையில் வைத்துப் பேச வேண்டும்.

அதாவது, போகும் உரிமை இல்லை. ஆனால் பேசச் சொல்லும் உரிமை உண்டு. தீர்ப்பைக் கேட்டு இரண்டு தரப்புமே "எங்களுக்குத்தான் வெற்றி" என்று சொன்னது தனிக்கதை.

தெளிவான பெரும்பான்மை என்றால் எவ்வளவு? நீதிமன்றம் எண் எதுவும் சொல்லவில்லை. 2000-ல் கனடா நாடாளுமன்றம் போட்ட சட்டமும் சொல்லவில்லை. பதிலுக்குக் கியூபெக், பாதிக்கு மேல் ஒரு ஓட்டு போதும் என்று தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டது. மற்ற ஊர்களில் எண்ணை முன்கூட்டியே எழுதி வைத்தவர்கள் உண்டு. செயின்ட் கிட்ஸ் நெவிஸ் என்ற கரீபியன் நாட்டின் அரசியல் சட்டத்தில், மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு கிடைத்தால் நெவிஸ் தீவு பிரிந்து போகலாம் என்று எழுதியிருக்கிறது. 1998 ஆகஸ்ட்டில் வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 62 சதவீதம் பேர் பிரிய வேண்டும் என்றார்கள். போதவில்லை. பிரியவில்லை. 2006-ல் மாண்டினீக்ரோவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 55 சதவீதம் என்று கோடு போட்டது. கிடைத்தது 55.5. செர்பியா ஏற்றுக்கொண்டது. இரண்டு இடத்திலும் ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. விதி முன்னாலேயே தெரிந்திருந்தால் தோற்றவனும் ஏற்றுக்கொள்கிறான் என்பதே இதில் உள்ள பாடம்.

இந்தியாவில் இந்தக் கதவே கிடையாது. இந்திய ஒன்றியம் மாநிலங்களின் ஒப்பந்தத்தால் உருவானது அல்ல, எனவே எந்த மாநிலத்துக்கும் பிரியும் உரிமை இல்லை என்று 1948-லேயே அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் விளக்கினார். 1962-ல் மாநிலங்களவையில் திராவிட நாட்டுக்காகப் பேசிய அண்ணா, சீனப் போருக்குப் பிறகு அந்தக் கோரிக்கையைக் கைவிட்டார். 1963-ல் 16-வது சட்டத் திருத்தம் வந்தது. தேர்தலில் நிற்பவர்கள் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றானது. ஆனால் குறைகள் போய்விடவில்லை. மாநில சுயாட்சி என்ற வேறு பெயரில் வந்தன. 1969-ல் ராஜமன்னார் குழு, 1974-ல் சட்டமன்றத் தீர்மானம் என்று நீண்டன. வெளியே போகும் கதவைச் சாத்தினால் வீட்டுக்குள் பேச இடம் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் அந்த இடம் கிடைத்தது, தேர்தல் மூலம் ஆட்சியே கிடைத்தது. பிரிவினைப் பேச்சு தானாக அடங்கியது.

அந்த இடம் கிடைக்காமல் போனால்? 1970 டிசம்பர் தேர்தலில் பாகிஸ்தான் முழுமைக்கும் பெரும்பான்மை பெற்றது கிழக்கு வங்கத்தின் அவாமி லீக். ஆட்சியைக் கொடுக்கவில்லை. 1971 மார்ச்சில் ராணுவத்தைத்தான் அனுப்பினார்கள். டிசம்பரில் வங்கதேசம் பிறந்தது. அங்கே போய், "சட்டப் புத்தகத்தில் பிரியும் உரிமை இல்லையே" என்று யாராவது சொல்லியிருந்தால் அதைவிடக் கேலிக்கூத்து இருந்திருக்காது.

ஆகவே உரிமை உண்டா, இல்லையா என்று ஒரே வார்த்தையில் பதில் கேட்டால், தானாகப் போகும் உரிமை இல்லை என்பதுதான் நேர்மையான பதில். ஏனென்றால் போகிறவர்களோடு சேர்த்து இழுத்துச் செல்லப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த 'இல்லை'யைச் சொல்லும் நாடு, கேட்க வந்தவர்களை உட்கார வைத்துப் பேச வேண்டும், ஓட்டை மதிக்க வேண்டும். பேசவும் மாட்டேன், போகவும் விடமாட்டேன், அடிப்பேன் என்று சொல்லும் நாடு அந்த 'இல்லை'யைச் சொல்லும் தகுதியை இழந்துவிடுகிறது.

பிரிய நினைக்கும் தலைவர்களிடமும் ஒரு கேள்வி கேட்டு வைப்பது நல்லது. "நாளைக்கு உங்கள் புது நாட்டில் ஒரு மூலையிலிருந்து சிலர் எழுந்து, நாங்களும் போகிறோம் என்று சொன்னால் என்ன செய்வீர்கள்?" அதற்கு அவர்கள் சொல்லும் பதிலிலேயே தெரிந்துவிடும், அவர்கள் கேட்பது உரிமையா, அதிகாரமா என்று.