அவள் செய்யாத பிழை

கொழும்பு வெள்ளவத்தையில் நினைவு மலர்கள் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். ஒரு மலரில் நேர்ந்த பெரும் பிழைக்கு என்னிடம் வேலை செய்த பிள்ளையைக் காரணம் காட்டினேன். பிழை என்னுடையது. அவளிடம் அதை ஒப்புக்கொண்டுவிட்டேன், மலரை அடிக்கத் தந்த குடும்பத்தாரிடமும் பிந்தியென்றாலும் சொல்லிவிட்டேன். ஆனால் அது எப்படி வந்தது என்பதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. நான் மிகவும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த ஒரு காரியத்திலிருந்துதான் அது வந்தது.

கொழும்பில் தமிழ் டைப்செட்டிங் என்றால் நெடுங்காலம் பாமினி என்ற எழுத்துருதான். கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு அச்சகத்தில் நான் தொழில் பழகியதும் பாமினியில்தான். அதில் ‘அம்மா’ என்று அடித்தால் திரையில் அம்மா தெரியும். கணினிக்குள்ளே பதிவாவதோ எம், கே, ஒரு அரைப்புள்ளி, இன்னொரு கே, எச் என்ற ஆங்கில விசைகளின் வரிசை. பாமினி எழுத்துரு உள்ள கணினியில் அதை வாசிக்கலாம். இல்லாத கணினியில் யாருக்கும் விளங்காது.

எங்கள் தொழிலில் இதன் நட்டம் பெரிது. ஒருவர் காலமாகி 31ஆம் நாள் நடக்கும் அந்தியேட்டிக் கிரியைக்கு அடிக்கும் மலரில் சிவபுராணமும் தேவாரமும் இருக்கும், நன்றி நவிலல் இருக்கும். ஆனால் வீட்டுக்காரர் பத்திரமாக எடுத்துவைப்பது வம்சாவழிப் பக்கத்தைத்தான். ஐயா காலமான சில வருடங்களில் அம்மா காலமாவார். பிள்ளைகள் வந்து, “ஐயாவின்ர புத்தகத்தில இருந்த வம்சாவழியை அப்பிடியே போடுங்கோ” என்பார்கள். பழைய பேஜ்மேக்கர் கோப்பு திறக்காது, திறந்தாலும் எழுத்து வராது. அச்சான புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான பெயர்களை மறுபடி அடிப்போம். ஒவ்வொரு முறையும் இரண்டொரு பெயர் புதிதாகப் பிழைக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தப் பக்கத்தைவிட வேறு பதிவே கிடையாது. அதை எழுத்துரு ஒன்றின் தயவில் விட்டுவைத்தது எங்கள் தொழில் செய்த பிழை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

யூனிகோடு வந்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அதில் தமிழுக்கென்று 128 இடங்கள் கொண்ட தனிப் பகுதி உண்டு. ‘அ’ எங்கே போனாலும் ‘அ’தான். 2008இல் இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் எஸ்எல்எஸ் 1326 என்ற தரத்தை வெளியிட்டபோது, தட்டச்சுப் பொறிக் காலத்து ரெங்கநாதன் விசைப்பலகை அதில் இடம்பிடித்தது. எங்கள் விரல்கள் புதிதாக அதிகம் பழகத் தேவையில்லை என்று அதற்கு அர்த்தம். பழைய கோப்புகளை மாற்ற சுரதா யாழ்வாணன் ஆக்கிய பொங்குதமிழ் மாற்றி கைகொடுத்தது. இது ஒன்றுக்கு ஒன்றாக எழுத்தை மாற்றும் வேலையல்ல. பாமினியில், தட்டச்சில் அடிப்பதுபோல, கொம்பு முதலில் பதிவாகும், மெய் பிறகு வரும். யூனிகோடில் மெய் முன்னே, கொம்பு பின்னே. மாற்றி ஒவ்வொரு கொம்பையும் இடம்பெயர்த்து வைக்கவேண்டும்.

2022இல் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. கடதாசி இல்லாமல் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப்போன காலம் அது. அச்சுக்குப் போக ஒன்றுமில்லாததால் பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸைப் போட்டு, அதில் ஈமாக்ஸைப் பழகத் தொடங்கினேன். ரிச்சர்ட் ஸ்டால்மன் எம்ஐடியில் 1976இல் தொடங்கி, 1985இல் ஜிஎன்யூ ஈமாக்ஸ் என்று புதிதாக எழுதி வெளியிட்ட எடிட்டர். விம் என்ற இன்னொரு எடிட்டரையும் பார்த்தேன். அதன் கட்டளைகள் வெறும் எழுத்து விசைகளில் இருப்பதால், தமிழ் விசைப்பலகையில் இருக்கும்போது கட்டளைகளும் தமிழெழுத்தாகி நின்றுவிடுகின்றன. அதைச் சரிப்படுத்த வழி உண்டு. எனக்கு ஈமாக்ஸே பிடித்துப்போனது, ஏனென்றால் அதற்குள்ளேயே சொந்த உள்ளீட்டு முறையை எழுதிக்கொள்ளலாம். குவெய்ல் என்ற அதன் வசதியைக் கொண்டு ரெங்கநாதன் விசைகளை நானே எழுதினேன். தமிழில் அடித்துக்கொண்டே கட்டளைகளை ஆங்கிலத்தில் கொடுக்க முடிந்தது.

அதன் பிறகு கிடைத்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. எல்லா மலர்களும் வெறும் எழுத்துக் கோப்புகளாக ஒரே அடைவில் கிடந்தன. ‘புங்குடுதீவு’ என்று குரெப் என்ற தேடல் கட்டளையில் ஒரு வரி கொடுத்தால், அந்த ஊரின் பெயர் வரும் ஒவ்வொரு மலரும் கண்முன்னே வந்து நிற்கும். ஒருநாள் ‘கொழும்பு’ என்று தேடியபோது பாதி மலர்கள் வரவில்லை. ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, குரெப்புக்கு இரண்டும் வேறு. எல்லாக் கோப்புகளையும் ஒரே முறைக்குக் கொண்டுவர ஒரு சின்ன நிரல் எழுதினேன். அது சரியாக ஓடிய இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அங்கேயே நின்றிருக்கலாம். நான் நிற்கவில்லை.

ஈமாக்ஸின் மெனுவை நீக்கினேன். கருவிப்பட்டையை நீக்கினேன். விசைகளை என் விரலுக்கு ஏற்றபடி மாற்றினேன். பிறகு பெயர்ப்பட்டியலுக்கு ஒரு குறிமொழி செய்தேன். மகன் என்பதற்கு ஒரு எழுத்து, மருமகனுக்கு இரண்டு. பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறி வைத்தால் காலமானவர். பிளஸ் குறி வைத்தால் வெளிநாட்டில் இருப்பவர். வெளிநாட்டுத் தொலைபேசி இலக்கம் பிளஸில் தொடங்குவதால் அது எனக்கு இயல்பாகத் தோன்றியது. ஒரு விசையைத் தட்டினால் என் நிரல் இவற்றையெல்லாம் விரித்து, ‘காலஞ்சென்ற’ என்றும் ‘கனடா’ என்றும் முழுச் சொற்களாக எழுதித் தரும். இந்தக் குறிகளின் விளக்கம் எந்தக் கோப்பிலும் இல்லை. என் தலைக்குள் இருந்தது.

என்னோடு வேலை செய்தவள் கொட்டாஞ்சேனைப் பிள்ளை. உயர்தரம் முடித்து, பக்க வடிவமைப்பைத் தானே பழகிக்கொண்டு வந்தவள். “அண்ணா, அந்த எடிட்டரை எனக்கும் காட்டித் தாங்களேன்” என்று பலமுறை கேட்டாள். “அது கஷ்டம் பிள்ளை, பிறகு பார்ப்போம்” என்றேன். கஷ்டமே இல்லை. ஒரு பின்னேரம் பக்கத்தில் இருந்து காட்டியிருந்தால் பிடித்துக்கொண்டிருப்பாள். மலரின் கடைசிக் கட்டம் என் கையால் மட்டுமே முடியும் என்ற நிலை எனக்குப் பிடித்திருந்தது. அவள் கெட்டிக்காரி, எல்லாம் தெரிந்தால் நாளைக்கு ஜம்பட்டா வீதியில் தனியாகக் கடை போட்டுவிடுவாள் என்ற பயமும் இருந்தது. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் பொய்.

மழைக்காலத்தில் எனக்கு டெங்கு வந்தது. பிளேட்லெட் இறங்கி வார்டில் கிடந்தேன், தொலைபேசி எடுக்கும் நிலையில் இல்லை. வெள்ளவத்தை வீடொன்றின் அந்தியேட்டி மலர் பாதியில் நின்றது. 31ஆம் நாள் யாருக்காகவும் தள்ளிப்போகாது.

அவள் என் கணினியைத் திறந்தாள். மெனு இல்லாத வெறும் திரை. இணையத்தில் தேடி எடுத்த விசைகள் ஒன்றும் வேலை செய்யவில்லை, நான் மாற்றிவைத்திருந்தேன். கோப்பை பென் டிரைவில் எடுத்துப்போய் நோட்பேடில் திறந்தாள். எழுத்து ஒவ்வொன்றும் தெளிவாக வந்தது. வெறும் எழுத்துக் கோப்பை எந்தக் கணினியிலும், எத்தனை வருடம் கழித்தும் வாசிக்கலாம் என்று நான் எல்லோரிடமும் சொல்லிவந்தது பொய்யாகவில்லை. ஆனால் அதில் நான் எழுதிவைத்திருந்தது வாசிக்கக்கூடிய தமிழாக இல்லை. பழைய மலர்களை ஒப்பிட்டு, மகன் எது மருமகன் எது என்று சரியாகவே கண்டுபிடித்திருக்கிறாள். நட்சத்திரத்தை அடிக்குறிப்பு அடையாளம் என்று எண்ணி நீக்கினாள். பிளஸ் குறியைச் சிலுவை என்று எடுத்தாள். அவள் புனித லூசியா பேராலயத்துப் பங்குப் பிள்ளை. அவள் பார்த்து வளர்ந்த அறிவித்தல்களில் பெயருக்கு முன்னால் சிலுவை இருந்தால் அந்த ஆள் காலமாகிவிட்டார். கனடாவில் இருந்த இருவருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று அடித்தாள்.

ப்ரூஃப் வாட்ஸ்அப்பில் போனது. துக்க வீட்டில் படத்தைப் பார்த்துச் சரி என்றார்கள், பெயர்ப்பட்டியலை யாரும் வரிவரியாகப் படிக்கவில்லை.

அந்தியேட்டியன்று புத்தகக் கட்டை அவளே மண்டபத்துக்குக் கொண்டுபோனாள். இறந்தவரின் தமக்கையார் வயதானவர். அவருடைய மகன் ரொறன்ரோவிலிருந்து வந்து பக்கத்தில் இருந்தார். தமக்கையார் என்னை அழைத்தார். எனக்கு அப்போது காய்ச்சல் விட்டிருந்தது, தொலைபேசியை எடுத்தேன்.

“தம்பி, என்ர பிள்ளை என்ர கண்ணுக்கு முன்னால இருக்கிறான். காலஞ்சென்ற எண்டு அடிச்சு வைச்சிருக்கிறியள்.”

என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. பிளஸ் குறி என்று நினைத்தேன். வாயில் வந்தது வேறு. “அக்கா, நான் ஆசுபத்திரியில. புதுப் பிள்ளை, கவனமில்லாமல் அடிச்சுப்போட்டுது.” அவள் புதுப் பிள்ளையும் இல்லை, கவனமில்லாதவளும் இல்லை. நான் சொன்னதை அந்த அம்மா அங்கேயே, சபை நடுவே, அவளுக்கு முன்னால் திருப்பிச் சொன்னார். அவள் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாதம் முடியும்வரை வந்து வேலை செய்துவிட்டு, கொட்டாஞ்சேனையில் வேறொரு அச்சகத்துக்குப் போய்விட்டாள்.

எழுத்துருவொன்று இல்லாவிட்டால் வாசிக்க முடியாது என்பதற்காகப் பாமினியை வருடக்கணக்காகக் குறை சொன்னவன் நான். என் கோப்பை வாசிக்க நானே இருந்தாகவேண்டும் என்று ஆக்கிவைத்தேன். பாமினியை உண்டாக்கியவர்களுக்கு அன்றைக்கு வேறு வழி இல்லை. எனக்கு இருந்தது.

பல மாதங்களுக்குப் பிறகு மலரைத் திருத்தி என் செலவில் அடித்துக்கொண்டு அந்த அம்மாவிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “அந்தப் பிள்ளையை நான் எல்லாருக்கும் முன்னால பேசிப்போட்டன், தம்பி. நீ இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாம்” என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அவளுடைய இலக்கத்தைக் கேட்டார், கொடுத்தேன்.

கொட்டாஞ்சேனைக்கும் போனேன். அவள் வேலை செய்யும் இடத்தில், பகல் சாப்பாட்டு நேரத்தில், நின்றபடியே சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவள், “அந்த ரெங்கநாதன் கோப்பை எனக்கும் அனுப்புங்க அண்ணா, இங்கே தேவைப்படுது” என்றாள். அன்று இரவே அனுப்பினேன். மெனுவைத் திரும்பக் கொண்டுவந்து, விசைகளைப் பழையபடி ஆக்கி, குறிகளுக்கெல்லாம் தமிழில் நீளமான விளக்கம் ஒன்றும் எழுதிச் சேர்த்தேன். அவள் அதைத் திருத்தித் திருப்பி அனுப்பினாள். எப்படிச் சேமிப்பது, எப்படி மூடுவது என்பதை முதல் வரிக்குக் கொண்டுவந்திருந்தாள். குறிகளின் விளக்கம் முழுவதையும் வெட்டியிருந்தாள். அந்த இடத்தில் ஒரு கேள்வி மட்டும் இருந்தது: “காலஞ்சென்ற என்று முழுதாக அடிக்க எவ்வளவு நேரம் போகும் அண்ணா?”

இப்போது முழுதாகவே அடிக்கிறேன்.