கரிசல் ரோடும் நாலு ஷாக் அப்சர்பரும்

எங்க பக்கத்து ரோடு வருஷத்துக்கு ரெண்டு தடவை உயரம் மாறும். சொன்னா நகரத்து நண்பர்கள் சிரிப்பாங்க. ஆனா விருதுநகர், சாத்தூர், சிவகாசி சுத்துன கரிசல் காட்டுல இது சாதாரணம். கரிசல் மண்ணு தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கி வெடிக்கும். சித்திரை வெயில்ல காட்டுல விழுற வெடிப்புல கையே உள்ள போகும். ஐப்பசி மழையில அதே வெடிப்பு மூடி, மண்ணு மேல எழும்பும். அந்த மண்ணு மேல போட்ட தார் ரோடு மட்டும் சும்மா இருக்குமா? அதுவும் அலை அலையா நெளியும். மதுரை - திருநெல்வேலி நாலுவழிச் சாலையில போறவங்களுக்கு இது பெருசா தெரியாது. அதை விட்டு இறங்கி ஊருக்குள்ள திரும்பினா முதுகெலும்பு சொல்லிரும்.

என்கிட்ட இருக்கிறது 2004 மாடல் மாருதி 800. 1983 டிசம்பர்ல ரோட்டுக்கு வந்து, 2014 வரைக்கும் செஞ்ச வண்டி. எங்க தெருவுக்கு இதுதான் பொதுச் சொத்து மாதிரி. பட்டாசு ஆலைக்குப் போற பொம்பளைகளை ஆலை வேனே ஏத்திக்கிட்டுப் போயிரும். உயிர் போற அவசரம்னா 108 வரும். இந்த ரெண்டுலயும் சேராத பயணம் எல்லாம் நம்ம கார்லதான். மாசமா இருக்கிற பிள்ளைகளுக்குச் செக்கப், கண் ஆபரேஷன், வாய்தா, எல்லாமே.

எங்க சின்னம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிஞ்சு பிளேட் வச்சிருக்கு. மாசம் ஒரு தடவை விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். ஆவணி மாசம் கிளம்பச் சொன்னப்ப, "எய்யா, இந்த மாசம் வேணாம். உன் கார்ல போயிட்டு வந்தா ரெண்டு நாளைக்கு எந்திரிக்க முடியல"ன்னு சொல்லிருச்சு. வைத்தியத்துக்குப் போற வழியே வலியா இருந்தா வயசானவங்க வைத்தியத்தை விட்டுருவாங்க. அன்னைக்கே சாத்தூர் மெக்கானிக் ஷெட்டுக்கு வண்டியை விட்டேன்.

மெக்கானிக் தம்பி பானெட் ஓரத்துல கையை ஊன்றி அமுக்கி விட்டார். "அண்ணாச்சி, நல்ல வண்டின்னா ஒரு தடவை எழும்பி நின்னுரும். இது மூணு தடவை ஆடுது பாருங்க." அப்புறம் சக்கரத்துக்கு உள்பக்கம் லைட் அடிச்சுக் காட்டினார். இடது பக்க ஷாக்ல எண்ணெய் கசிஞ்சு, அது மேல செம்மண்ணும் கரிசலும் அப்பியிருந்துச்சு. டயர் மேல கையைத் தடவச் சொன்னார். மேடும் பள்ளமுமா தேய்ஞ்சிருந்துச்சு.

நிறைய பேர் ஷாக் அப்சர்பர்தான் வண்டியைத் தாங்குதுன்னு நினைக்கிறாங்க. தாங்குறது ஸ்பிரிங். ஆனா ஸ்பிரிங்கை ஒரு தடவை அமுக்கிட்டா அது பாட்டுக்கு ஆடிக்கிட்டே இருக்கும். அந்த ஆட்டத்தை நிறுத்துறதுதான் ஷாக்கோட வேலை. உள்ள எண்ணெய், அதுல ஒரு பிஸ்டன், பிஸ்டன்ல சின்னச் சின்ன துவாரம். எண்ணெய் அந்தத் துவாரம் வழியா திணறிப் போறதுல ஆட்டத்தோட வேகம் சூடா மாறிரும். மோசமான ரோட்டுல ஓட்டிட்டு வந்து தொட்டுப் பார்த்தா ஷாக் சுடும். சீல் தேய்ஞ்சு எண்ணெய் வெளிய போயிட்டா அப்புறம் வெறும் குழாய்தான்.

இது உடம்பு நோகுற விஷயம் மட்டுமில்ல. டயர் தரையில இருந்தாத்தான் பிரேக்குக்கு வேலை. துள்ளுற டயர் தரையை விட்டு எழும்புற நேரத்துல நீங்க எவ்வளவு அமுக்கினாலும் பிடிக்காது. தீபாவளி நெருங்கினா சிவகாசி ரோட்டுல பட்டாசு லாரிகள் வரிசையா போகும். அந்த நேரத்துல முன்னாடி போறவன் திடீர்னு நின்னா, நாம நிக்கிற தூரம் ரொம்ப முக்கியம்.

பின்னாடி ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. கழட்டி மாட்டுறது சுலபம். முன்னாடி ரெண்டும் ஒண்ணா சேர்ந்திருக்கும், அதுக்குப் பேரு ஸ்ட்ரட். மெக்ஃபர்சன்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர் கொண்டு வந்த ஏற்பாடு. சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கிறதும் அதுதான், ஸ்டியரிங்கைத் திருப்பினா கூடவே திரும்புறதும் அதுதான். அதனால ஸ்ட்ரட் மாத்தினா வீல் அலைன்மெண்ட் கட்டாயம் பார்க்கணும்.

ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்க ரெண்டு பக்கமும் கொக்கி போட்டு, மாத்தி மாத்தி முறுக்கினார். பக்கத்துல நின்ன என்னைத் தள்ளி நிக்கச் சொன்னார். இந்தத் தம்பி முன்னாடி பட்டாசு ஆலையில வேலை பார்த்தவர். "அங்க மருந்து ரூம்ல இரும்பே ஆகாது அண்ணாச்சி, பொறி வந்துரும். பித்தளையும் மரமும்தான். இங்க எல்லாமே இரும்பு. ஆனா அடக்கி வச்ச சாமானை அவசரப்பட்டுத் தொடக் கூடாதுங்கிறது ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான்." கயித்தைக் கட்டி ஸ்பிரிங்கைக் கழட்டுற ஆளுங்க இருக்காங்க. அவங்ககிட்ட வண்டியை விடாதீங்க. நழுவினா ஆளையே அடிச்சிரும்.

கசிஞ்சது இடது பக்கம் மட்டும்தான். ஆனா ஒத்தையா மாத்தினா ஒரு பக்கம் விறைப்பு, ஒரு பக்கம் தளர்ச்சின்னு வண்டி இழுக்கும். ஜோடியாத்தான் மாத்தணும். பின்னாடி ரெண்டும் வந்ததுல இருந்து மாத்தாதது, அதையும் சேர்த்தாச்சு. மேல் மவுண்டிங், புஷ், கூலி, அலைன்மெண்ட் எல்லாம் சேர்த்து ஒண்ணேகால் குவிண்டால் பருத்தி வித்த காசு ஆச்சு. சென்னையில இருக்கிற மச்சான் போன்ல, "பழைய வண்டிக்கு ஏன் மாமா இவ்வளவு கொட்டுறீங்க?"ன்னார். புது வண்டிக்குக் கடன் வாங்கினா மானாவாரி விவசாயி தவணை கட்டுறதுக்கு வானத்தைப் பார்க்கணும். இஞ்சின் நல்லா இருக்கிற வண்டிக்குக் கால் வலியைச் சரி பண்றது கணக்குல நட்டமில்ல.

புரட்டாசியில சின்னம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். பின் சீட்டுல கைப்பிடியைப் பிடிக்காம உக்காந்து வந்துச்சு. பாதி வழியில, "ரோட்டைச் சரி பண்ணிட்டாகளா?"ன்னு கேட்டுச்சு.

ரோடு அதேதான். மழை விழுந்தா இன்னும் கொஞ்சம் எழும்பும்.

உங்க வீட்டு வாசல்ல பழைய கார் நின்னா, நாலு மூலையையும் ஒவ்வொண்ணா அமுக்கி விட்டு எத்தனை தடவை ஆடுதுன்னு எண்ணுங்க. அதுல தப்பிச்சாலும் குனிஞ்சு எண்ணெய்க் கசிவு இருக்கான்னு பாருங்க. முக்கியமா, பின் சீட்டுல உக்கார்ற பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. ஸ்டியரிங் பிடிக்கிற கைக்குத் தெரியாதது அவங்க இடுப்புக்குத் தெரியும்.