வாலும் வால்வும்

எங்கய்யன் வால் தைத்தவர். நான் வால்வு அரைக்கிறவன்.

வால் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த காலத்தில், இரும்புச் சாலின் அடியில் தோலால் தைத்த நீளமான குழாய் ஒன்று தொங்கும். அதுதான் வால். மாடு இறங்க இறங்கச் சால் மேலே வரும். வால் விரிந்து தண்ணீரை வாய்க்காலில் கொட்டும். தையல் ஒன்று விட்டாலும் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிவிடும். எங்கள் சக்கிலி வளவில் அந்தத் தையல் தெரிந்த நாலைந்து பேரில் எங்கய்யன் ஒருவர். தைத்து முடித்ததும் வாலைக் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு பீடி குடிக்கிற நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். பிறகு தையல் ஓரமாகப் புறங்கையால் தடவுவார். உள்ளங்கை காய்ப்பேறிப் போனது, அதற்கு ஈரம் தெரியாது. “தண்ணி பொய் சொல்லாதுங்க சாமி” என்பார் பண்ணயக்காரரிடம். தன்னைவிட வயதில் சின்னவனான பண்ணயக்காரரிடம்.

1930களில் பைக்காரா மின்சாரம் கோவைப் பக்கம் வந்தது. ஆயில் எஞ்சினும் மோட்டாரும் கிணற்றுமேட்டுக்கு ஏற ஏற, கவலைகள் ஒவ்வொன்றாக நின்றன. எங்கள் ஊரில் கடைசிக் கவலை நின்றபோது எனக்கு ஐந்தாறு வயசு. தோல் வேலை போனது. சாதி போகவில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு 1991ல் திருப்பூரில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்தேன். கரி ஆயில் பூசிக்கொண்டால் எல்லாரும் ஒரே நிறம்தானே என்று நினைத்தேன். முதல் நாளே கேட்டார்கள்: “எந்தூருடா? ஊருக்குள்ளயா, அந்தப் பக்கமா?” அதற்குப் பிறகு பட்டறைப் பானையில் நான் மொண்டு குடிக்கவில்லை. யாராவது மேலே இருந்து ஊற்றுவார்கள், நான் கை ஏந்துவேன்.

அது தண்ணீர் லாரிகளின் காலம். பனியன் ஏற்றுமதி பெருகிக்கொண்டிருந்தது. சாயப்பட்டறைகளுக்குத் தண்ணீர் தண்ணீராக வேண்டும். சாயக் கழிவு நொய்யலில் கலந்து திருப்பூர் நிலத்தடி நீர் உப்பாகிவிட்டது. 1992ல் நொய்யலின் குறுக்கே கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர் தேங்கும் குளமாகிப் போன கதை உங்களுக்குத் தெரியும். ஆகவே சுற்று வட்டாரக் கிராமக் கிணறுகளில் இருந்து நல்ல தண்ணீரை லாரி லாரியாகக் கொண்டுவந்து விற்றார்கள். ஓடி ஓய்ந்த சரக்கு லாரிகளின் முதுகில் டேங்கை ஏற்றினார்கள். பத்தாயிரம் லிட்டர் என்றால் பத்து டன். அந்தப் பாரத்தோடு ராத்திரி பகலாக ஓட்டம்.

அந்த வண்டிகளுக்கு முதலில் போவது ஹெட். காரணம் எஞ்சினுக்குள் இல்லை, ரேடியேட்டரில் இருக்கிறது. முதுகில் நல்ல தண்ணீரைச் சுமக்கும் வண்டிக்கு ரேடியேட்டரில் ஊற்றுவது பட்டறை ஓரத்து உப்புத் தண்ணீர். விற்கிற தண்ணீரை எஞ்சினுக்கு ஊற்ற எந்த முதலாளிக்கு மனசு வரும்? உப்புத் தண்ணீர் ஹெட்டுக்குள் இருக்கும் நீர்ப்பாதையில் காரையாகப் படியும். காரை படிந்த இடத்தில் சூடு இறங்காது. இன்லெட் வால்வுக்கும் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் நடுவே சன்னமான இரும்புப் பாலம் ஒன்று உண்டு. சூடு தாங்காமல் அங்கேதான் முதல் வெடிப்பு விழும்.

1995ல் அப்படி ஒரு வண்டி வந்தது. டாடா 697 எஞ்சின். 697 என்றால் ஆறு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர். பெயரிலேயே கணக்கு இருக்கும். பாரத்தில் இழுக்கவில்லை, கரும்புகை. பிரித்துப் பார்த்தால் கேம் ஷாஃப்டில் இரண்டு மூக்கு மழுங்கியிருந்தது. மூக்கு மழுங்கினால் வால்வு முழுசாகத் திறக்காது. காற்று குறையும், டீசல் எரியாமல் புகையாகப் போகும். முதலாளிக்குப் புதுசு வாங்கக் காசில்லை. பழைய கேமுக்கு வெல்டு வைத்து மூக்கை ஏற்றி, லிஃப்டைக் கொஞ்சம் கூட்டி அரைத்து வாங்கி வந்தார். “இதப் போட்டா வண்டி பறக்குமாமா” என்றார்.

கேம் மட்டும் மாற்றினால் வண்டி பறக்காது. கேம் கேட்கிறதை ஹெட் கொடுக்க வேண்டும். வால்வு அதிகமாக இறங்கினால் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டக் கூடாது. கைடு தேய்ந்திருந்தால் வால்வு ஆடும், சீட்டில் சரியாக உட்காராது. எல்லாவற்றுக்கும் மேலே, பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு அதைத் தொடக் கூடாது. பேசிங் பண்ணிப் பண்ணி மெலிந்த ஹெட்டில் வால்வு ஏற்கெனவே பிஸ்டனுக்குக் கிட்டே வந்திருக்கும். லிஃப்ட் கூடிய கேமையும் அதில் போட்டால் என்ன ஆகும்?

மேஜை மேல் மூன்று ஹெட் கிடந்தன. ஒன்று வண்டியோடு வந்தது. பலமுறை பேசிங் ஆனது, பாலத்தில் வெடிப்பு கண்ணுக்கே தெரிந்தது. இரண்டாவது, கோவை உக்கடம் பழைய இரும்புக் கடையில் வாங்கியது. வெள்ளிப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று, விலையும் சல்லிசு. யாரோ காற்றுப் பாதையைப் பெரிதாகக் குடைந்திருந்தார்கள். மூன்றாவது துருப்பிடித்த ஒரு ஹெட். கைடு தேய்ந்து, ஸ்பிரிங் செத்து, பார்க்கவே அசிங்கமாக இருந்தது.

பெரிய மெக்கானிக் இரண்டாவதைத் தொட்டார். “பாதை பெருசா இருக்குது, காத்து நல்லா போவும். இதையே ஏத்து.”

நான் கழுவிக்கொண்டிருந்தவன். கழுவுகிறவனுக்குத்தான் ஹெட்டின் உடம்பு தெரியும். துருப்பிடித்ததைத் தூக்கிச் சின்னச் சுத்தியால் தட்டினேன், மணிபோலக் கேட்டது. பெயிண்ட் அடித்தது ஓட்டைப் பானை மாதிரி ‘டப்’ என்றது. துருப்பிடித்ததற்கு ஒரு தடவைகூட பேசிங் ஆகவில்லை, கனம் அப்படியே இருந்தது. பாதை பெரிதானால் நல்லது என்பதும் தப்பு. டீசல் எஞ்சினில் இன்லெட் பாதையை வளைத்து வார்த்திருப்பது, காற்று சுழன்றுகொண்டே சிலிண்டருக்குள் இறங்கத்தான். குடைந்துவிட்டால் சுழற்சி போய்விடும். பாரம் இழுக்கிற வண்டி மெதுவாகச் சுற்றும் எஞ்சின். அதற்குச் சின்னப் பாதையில் வேகமாக வரும் காற்றுதான் தேவை.

“ஏனுங்ணா, இது வேண்டாமுங்க. துரு புடிச்சதையே பாக்கலாமுங்க. கைடு, சீட்டு, ஸ்பிரிங் எல்லாம் மாத்திக்கலாமுங்க. வெடிச்சத ஒண்ணும் பண்ண முடியாதுங்க” என்றேன்.

“உனக்கென்றா தெரியும்? செருப்புத் தைக்கற வேலையா இது? சொன்னதச் செய்யி.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பெயிண்ட் அடித்த ஹெட் வண்டியில் ஏறியது. மூன்றாவது வாரம், விடியற்காலையில் டிரைவர் செல்ஃப் அடித்திருக்கிறார். ராத்திரி முழுக்க வெடிப்பு வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியுமா? கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. சம்ப்பைத் திறந்தால் ஆயில் பால் டீ நிறத்தில் ஊற்றியது. பெரிய மெக்கானிக் ஒரே வார்த்தையில் முடித்தார்: “இவன் போல்ட்டு டைட் வெச்சதுல கோளாறு.” என் கூலியில் பிடித்தார்கள்.

அன்றைக்கு எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ! ஹெட்டை இறக்கிப் பெயிண்டைச் சுரண்டினேன். பாலத்தின் மேல் மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டேன். நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸை நுணுக்கிப் பூசினேன். ஒரு பீடி குடிக்கிற நேரம் உட்கார்ந்திருந்தேன். வெடிப்புக்குள் ஊறிய மண்ணெண்ணெய் மெல்ல வெளியே வந்தது. வெள்ளைப் பொடியில் மயிரிழை போல் கறுப்புக் கோடு எழுந்தது. ஒரு வால்வு சீட்டில் இருந்து இன்னொரு சீட் வரைக்கும்.

பட்டறையில் ஒருத்தரும் பேசவில்லை. பெரிய மெக்கானிக் வந்தார். கையில் இருந்த பனியன் வேஸ்டால் கோட்டைத் துடைத்தார். “போயி வேலையப் பாருங்கடா.” அவ்வளவுதான். பிடித்த கூலி திரும்ப வரவில்லை. ஆனால் துருப்பிடித்த ஹெட்டுக்குக் கைடு, சீட், ஸ்பிரிங் போட்டு, பிஸ்டன் தலையில் பிசைந்த மைதா மாவை வைத்து, கையால் எஞ்சினைச் சுற்றி, மாவு நசுங்கியதில் மிச்சம் இருந்த கனத்தை அளந்து, வண்டியில் ஏற்றினார்கள். வண்டி இழுத்தது. ‘பெரிய மெக்கானிக் கையி ராசியான கையி’ என்று முதலாளி ஊரெல்லாம் சொன்னார்.

கோடு தெரிந்த பிறகு துடைத்தது சின்ன விஷயமா? எங்கய்யன் தைத்த வாலில் பாய்ந்த வயல்களுக்கு யார் பெயர் இருக்கிறது? அறிவு எங்கள் கையில் இருக்கும்வரை அது ‘வேலை’. அதே அறிவு இன்னொருத்தன் வாய்க்குப் போனதும் ‘தொழில்நுட்பம்’!

நம் பத்திரிகைகளில் சாவுக்குப் பறை அடித்ததை எழுதினோம், மலம் அள்ளியதை எழுதினோம், அடி வாங்கியதை எழுதினோம். எழுத வேண்டியவைதான். ஆனால் அய்யனின் புறங்கையை யார் எழுதினோம்? தையல் ஊசியை எந்தக் கோணத்தில் குத்தினால் தோல் கிழியாது என்பதை யார் எழுதி வைத்தோம்? நான் கேட்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். காயத்தை மட்டும் எழுதிவிட்டுக் கைப்பக்குவத்தை விட்டுவிட்டால், நமக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னவன் சொன்னதே நிலைக்கும்.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. தண்ணீர் லாரிகள் பலவும் பழைய இரும்புக்குப் போயின. அந்த ஹெட்டுகளை எடை போட்டபோது என் காதில் மணிச் சத்தமும் ‘டப்’ சத்தமும் மாறி மாறிக் கேட்டன. இப்போது எனக்குச் சொந்தமாகச் சின்னப் பட்டறை. 2020க்குப் பிறகு வந்த பிஎஸ் 6 வண்டிகளுக்கு ஸ்கேனர் வேண்டும். அது என்னிடம் இல்லை. பழைய எஞ்சின்கள்தான் வருகின்றன.

வளவில் இருந்து இரண்டு பையன்கள் வேலை பழகுகிறார்கள். பட்டறைப் பானையில் அவர்களே மொண்டு குடிக்கிறார்கள். போன வாரம் ஒரு ஹெட்டுக்குச் சாக்பீஸ் பூசிப் பார்த்தோம். கோடு எழுந்தது. சின்னவன் பழக்கத்தில் பனியன் வேஸ்டை எடுத்தான்.

“தொடைக்காதடா கண்ணு. அப்பிடியே இருக்கட்டும். மொதலாளி வந்து பாக்கட்டும். யாரு கண்டுபுடிச்சதுன்னு கேட்டா, உம் பேரச் சொல்லு” என்றேன்.