ஓபிராயன் காலத்து ஆங்கிலச் சொல்

'ஆன்டிடிலூவியன்' என்று ஒரு ஆங்கிலச் சொல். என் அறை நண்பன் இதை வெள்ளத் தடுப்புச் சுவர் சம்பந்தப்பட்டது என்றே நினைத்திருந்தான். பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் எழுத்தைக் கவனியுங்கள்: இது எதிர்ப்பைக் குறிக்கும் 'ஆன்டி' அல்ல, லத்தீனில் 'முன்பு' என்று பொருள்படும் 'ஆன்டே'. 'டிலூவியம்' என்றால் பெருவெள்ளம். அதுவும் ஏதோ ஒரு வெள்ளம் இல்லை, பைபிளில் நோவா பேழை கட்டித் தப்பித்த அந்தப் பிரளயம். ஆக, 'பிரளயத்துக்கு முந்தைய'. 1646-இல் தாமஸ் பிரவுன் எழுதிய நூலில் இந்தச் சொல் வருகிறது.

அந்தக் காலத்தில் இதை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டார்கள். சூரிச் நகரத்து மருத்துவர் ஷாய்க்ஸரின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கல்லில் பதிந்திருந்த ஒரு எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு, பிரளயத்தில் மூழ்கிய பாவப்பட்ட மனிதன் இவன் என்று 1726-இல் புத்தகமே போட்டார். 1811-இல் பிரெஞ்சு அறிஞர் குவியே அந்தக் கல்லைக் கவனமாகச் செதுக்கிப் பார்த்தார். உள்ளே முன்னங்கால்கள் இருந்தன. மனிதனாவது ஒன்றாவது, அது ஒரு ராட்சத சாலமாண்டர்! பல்லி போல வாலுள்ள, தவளைக்கு உறவான பிராணி. இன்றும் அந்த இனத்துக்கு ஷாய்க்ஸரின் பெயர் தான். கல் நெதர்லாந்தில் ஹார்லெம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இப்போது இந்தச் சொல்லைப் பெரும்பாலும் கேலிக்குத் தான் பயன்படுத்துகிறார்கள். நாம் 'ஓபிராயன் காலத்து', 'அரதப்பழசு' என்கிறோமே, அதே தான். எங்கள் ஹாஸ்டல் மின்விசிறிக்குத் தாராளமாகச் சொல்லலாம். பெண்கள் ஒன்பது மணிக்குள் திரும்ப வேண்டும், ஆண்களுக்கு நேரக்கட்டுப்பாடே இல்லை என்கிற விதிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஆளைப் பார்த்துச் சொல்லும்போது தான் எனக்கு உறுத்துகிறது. பழைய பொருளை மாற்றலாம், பழைய கருத்தோடு சண்டை போடலாம். வயதான மனிதரிடம் 'நீ பிரளயத்துக்கு முந்தையவன்' என்றால் அவர் என்ன செய்வார்?

போன பருவத்தில் கருத்துப் படிவம் நிரப்பும்போது, புதிதாகக் கற்ற இந்தச் சொல்லை எங்கள் மூத்த பேராசிரியருக்கு வைத்துவிட்டான் நண்பன். ஒரு வாதமே நடந்தது. நோட்ஸ் பழசு என்று எழுது, அவரை எழுதாதே என்றேன். கடைசியில் அடித்துவிட்டு 'நோட்ஸ்' என்று மாற்றினான். அந்த மஞ்சளடித்துப் போன நோட்ஸைத் தான் பரீட்சைக்கு முதல் நாள் வகுப்பே வரிசையில் நின்று ஜெராக்ஸ் எடுத்தது, அவனும் சேர்த்து.